உங்கள் சகலை கதையும் என் தூக்கமும்

மாமா,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பேருந்தில், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, எச்சில் ஒழுகத் தூங்கிவிட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் என்னை உலுக்கியபோது, கண்ணைத் திறக்காமலே, "அப்புறம் அந்தத் தையக்காரரு என்ன சொன்னாரு மாமா?" என்று கேட்டிருக்கிறேன். மனிதர் எழுந்துபோய்ப் படிக்கட்டருகே நின்றுகொண்டார். கடலூர் வரைக்கும் நின்றபடியே வந்தார்.

முழுக்க என் குற்றம் என்று சொல்ல முடியாது. அவர் கழுத்தில் நீலகிரித் தைலம் தடவியிருந்தார். உங்கள் சட்டைக் காலரில் வருமே, அதே வாசனை. அது மூக்கில் ஏறியதும் தலை தானாக இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது என்று கழுத்துக்கு யார் சொல்வது?

நமக்குள் உறவு ஒன்றும் கிடையாது. சிதம்பரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே நீங்கள் முத்திரைத்தாள் விற்றீர்கள். பக்கத்துக் கடையில், பத்திரம் எழுதும் முதலாளியிடம் நான் எழுத்து வேலை பார்த்தேன். இருவருக்கும் வீடு கடலூர். நாலு நாள் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்ததில் நீங்கள் மாமா ஆனீர்கள், நான் மச்சான் ஆனேன்.

அது இரண்டாயிரத்து ஆறு. வீட்டில் படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. புரண்டு படுப்பேன், தண்ணீர் குடிப்பேன், கடிகாரத்தைப் பார்ப்பேன். "நீங்க முழிச்சிருக்கிற சத்தத்துல எனக்குத் தூக்கம் வரல" என்பாள் என் மனைவி. ஆனால் பேருந்தில் ஏறி உங்கள் தோள் கிடைத்தால் போதும். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். அது தூக்கம் என்றே எனக்குத் தோன்றவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு தூங்குவதைத் தூக்கத்தில் சேர்ப்பார்களா என்ன?

ஒருநாள் இருவருமே கடலூரைத் தாண்டிப் பாண்டிச்சேரிக்குப் போய் இறங்கியது நினைவிருக்கிறதா? நீங்கள் தூங்கவே இல்லை, கண்ணை மூடி யோசித்துக்கொண்டிருந்ததாகச் சாதித்தீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் "உன்னாலதான்டா மச்சான்" என்று என்னைத்தான் திட்டினீர்கள். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் பரங்கிப்பேட்டை பாயின் பத்திரம் வந்தது. மனைக்கு நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்று எழுதுவோமே, அந்தச் சக்குபந்தியில் என் கண் சொக்கிவிட்டது. சாலைக்கு வடக்கே இருந்த மனையைச் சாலைக்குத் தெற்கு என்று எழுதிவிட்டேன். தெற்கே இருப்பது குளம். பாய் நிதானமாகப் படித்துப் பார்த்தார். கோபமே படவில்லை. "அண்ணே, பத்து வருஷம் துபாய்ல கெடந்து வாங்குன மனைய கொளத்துல எறக்கிட்டீங்களே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பதிவுக்கு முன்னால் தெரிந்ததால் தப்பித்தோம். ஆனால் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு தரம் இப்படி ஆனால் வீட்டிலேயே படுத்துத் தூங்கிக்கொள் என்றார். வீட்டில் தூங்க முடியாததுதானே என் பிரச்சினை! வேறு தொழிலும் தெரியாது. பள்ளியில் இரண்டு பிள்ளைகள். உங்கள் கடை வாசலில் வந்து அழுதேன். அழுதுகொண்டே கொட்டாவியும் விட்டேன் என்று பிற்பாடு ஊரெல்லாம் சொன்னீர்கள்.

மறுநாளே என்னை மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் இழுத்துப் போனீர்கள். பகலில் தூங்குவது உண்டா என்று அவர் கேட்டார். ஒரு நிமிஷம்கூட இல்லை என்றேன். நீங்கள் குறுக்கே விழுந்தீர்கள்.

"பொய் சொல்றாரு டாக்டர். தெனம் மூணு மணி நேரம் எம்மேலதான் படுத்துத் தூங்குறாரு."

நர்ஸ் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியவில்லை.

டாக்டர் மாத்திரை எழுதவில்லை. முதலில் பேருந்துத் தூக்கத்தை நிறுத்தச் சொன்னார். நாலு மணிக்கு மேல் டீ வேண்டாம், எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்துவிட வேண்டும், தூக்கம் வராவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காமல் எழுந்து கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். "பஸ்ஸ நான் பாத்துக்கறேன்" என்று நீங்கள் பொறுப்பேற்றீர்கள்.

அன்று சாயங்காலம் வெள்ளாற்றுப் பாலத்தில் ஆரம்பித்தது உங்கள் சகலை கதை. சேத்தியாத்தோப்பில் உங்கள் சகலையும் அவர் மனைவியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. எல்லாச் செய்தியும் எதிர்க்கடைத் தையல்காரர் வழியாகத்தான். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்றால் சகலை போய்த் தையல்காரரிடம் சொல்வார். அவர் ஊசியை வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டி வந்து, உப்பு ஜாஸ்தியாம் என்பார். அந்த அம்மா, நாக்கு செத்துப்போச்சான்னு கேளுங்க என்பார். நான் வாயைப் பிளந்து கேட்டேன். புதுச்சத்திரம் போனது தெரியவில்லை, ஆலப்பாக்கம் போனது தெரியவில்லை. முதுநகர் வந்ததும் எழுந்து பையை மாட்டிக்கொண்டு, "அன்னைக்குப் பாத்து தையக்காரரு ஊர்ல இல்ல மச்சான்" என்றீர்கள். மீதி மறுநாள்தான்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் நான் படுத்ததும் தூங்கிவிட்டேன். விளக்கணைக்க வந்த மனைவி பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாளாம். அதற்குப் பிறகு நான் எழுதிய எந்த மனையும் இடம் மாறவில்லை.

எது வேலை செய்தது என்றுதான் இன்னும் விளங்கவில்லை. டீயை விட்டதா, கடிகாரத்தைச் சமையலறைக்கு அனுப்பியதா, தையல்காரரா? இப்போது விளங்குவது இன்னும் குறைந்துவிட்டது. மின்வெட்டில் தெருவே ராத்திரி விசிறியோடு வாசலில் உட்கார்ந்திருக்கிறது. தூக்கம் வராதவன் என்று எனக்கிருந்த ஒரே பெருமையும் போயிற்று.

உங்கள் பதினாறாம் நாளில் அந்தச் சகலையை முதல்முறையாகப் பார்த்தேன். கணவனும் மனைவியும் வாழையிலையை எந்தப் பக்கம் போடுவது என்று மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தையல்காரரைத் தேடினேன். உங்கள் வீட்டு அக்காவிடம் மெதுவாக விசாரித்தால், அவ்வளவு துக்கத்திலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவுங்க ரெண்டு பேரும் ஒருநாள் பேசாம இருந்தா எங்களுக்கெல்லாம் நிம்மதி" என்றார். ஐந்து வருடத்துக் கதை, மாமா. எனக்காகத் தினம் ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். அன்று உங்கள் படத்துக்கு முன்னால் நான் அழுதபோது கொட்டாவி வரவில்லை.

இப்போதும் டாக்டர் சொன்னபடிதான் நடக்கிறேன். தூக்கம் வராவிட்டால் எழுந்து உட்கார்ந்து, நீங்கள் விட்ட இடத்திலிருந்து நானே கதையை ஓட்டுகிறேன். பேருந்தில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்களிடம் சேத்தியாத்தோப்புக் கதையை எடுத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் தைலம் கெடுத்துவிட்டது.

அந்த அவமானத்தைச் சொல்லிவிட்டு வரலாம் என்று புதன்கிழமை அக்காவைப் பார்க்கப் போனேன். நீங்கள் எனக்காக எப்படியெல்லாம் தொண்டை வறளப் பேசினீர்கள் என்று உருகி உருகிச் சொன்னேன். அக்கா முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவருக்குத்தாங்க பஸ்ல உக்காந்தா தூக்கம் சொக்கும். அந்தப் பாண்டிச்சேரி விஷயத்துக்கு அப்புறம், பேசிக்கிட்டே வந்தாதான் ஊர் தாண்டிப் போவமாட்டேன்னுட்டாரு. நீங்க தூங்கிட்டா அவரு யார்கிட்ட பேசுறது?"