எந்நேரமும் இடிந்து விழும் நிலையில்

14 அக்டோபர் 2024, திங்கள்

காலையிலிருந்து மழை. கடைக்குள் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. மூன்று பக்கெட் வைத்தேன், மூன்றும் விற்பனைக்கு வைத்திருந்த புதுப் பக்கெட். ஹார்ட்வேர் கடை வைத்திருப்பதில் இந்த ஒரு சௌகரியம். பெயின்ட் அடுக்கின் மேலேயே சொட்டுகிறது. லேபிள் ஊறி உரிந்துவிட்டது. உள்ளே என்ன நிறம் என்று தெரியாத டப்பாவை எவன் வாங்குவான்?

மாடிக்குப் போய் கல்யாணராமன் மாமாவிடம் சொன்னேன். கட்டிடம் அவருடையது. மேலே அவரும் கோமளம் மாமியும். கீழே முன்பக்கம் தேவானையின் பிளவுஸ் தையல் கடை, அதை ஒட்டி என் கடை. "பாக்கணும் பாய், பாக்கணும்னு நெனச்சுண்டேதான் இருக்கேன்" என்றார். நான்கு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைப்பதற்குச் சம்பளம் கொடுத்தால் மயிலாப்பூரிலேயே பெரிய பணக்காரர் அவர்தான்.

என் சரக்கை வைத்து, என் ஆட்களை விட்டு, இரண்டு நாளில் பூசிவிடலாம். ஏன் பூச வேண்டும்? வாடகை வாங்குவது அவர். ஓட்டை மட்டும் என்னுடையதா?

16 அக்டோபர்

தேவானை கடை வாசலில் சன்ஷேடிலிருந்து கை அகலத்துக்குக் காரை விழுந்தது. அளவு கொடுக்க வந்த பெண் அலறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

"இன்னா பாய் இது? அந்தம்மா ரெண்டு அடி முன்னால நின்னிருந்தா, பிளவுசு தெக்க வேண்டிய வேலையே இருந்திருக்காது" என்கிறாள் தேவானை. பயத்திலும் வாய் மட்டும் நிற்காது அவளுக்கு.

மாநகராட்சி ஆப்பில் புகார் போட்டேன், போட்டோவோடு.

19 அக்டோபர்

'தங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது' என்று மெசேஜ். கூடவே ஒரு போட்டோ: ஏதோ தெருவில் வெட்டிப் போட்ட வேப்பங்கிளை. போன் செய்தேன். "சார், உங்க புகார் மரம் வெட்டற பிரிவுக்குப் போயிருக்கு. அவங்க முடிச்சுட்டாங்க." என்னத்தை முடித்தார்கள்? எங்கள் தெருவில் மரமே கிடையாது!

22 அக்டோபர்

நேரில் போனேன் வார்டு ஆபீசுக்கு. அங்கே உட்கார்ந்திருந்தவர் என் மனுவை இரண்டு வரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒழுகுது, காரை பேருதுன்னு எழுதினா யார் சார் வருவா? மெட்ராஸ்ல ஒழுகாத வீடு எது? உயிர்ச்சேதம்னு ஒரு வார்த்தை வேணும். அப்பதான் ஃபைல் மேல போவும்."

அது எனக்குத் தெரியாதா. இந்த ஊரில் மனு என்றால் அதுதான் வழக்கம். கொசு கடித்தால் கொள்ளைநோய் என்று எழுத வேண்டும், சாக்கடை அடைத்தால் குழந்தைகள் மூழ்கும் அபாயம் என்று எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதுகிறவனுக்கு வேப்பங்கிளை போட்டோதான் வரும்.

கடைக்கு வந்து புதிதாக எழுதினேன். சிமென்ட், கம்பி விற்கிறவன் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டினேன். 'சன்ஷேடின் உட்கம்பிகள் துருவேறி வலுவிழந்து, முன்பக்க உத்தரம் தாங்கும் திறனை இழந்து, கட்டிடம் எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது. பெரும் உயிர்ச்சேதம் ஏற்படும் முன்…' படிக்கப் படிக்க எனக்கே பயமாக இருந்தது. பாதிக்கு மேல் கதை. துருவேறிய உட்கம்பியை நான் எங்கே பார்த்தேன்?

ஒருவர் பெயரை விட இரண்டு பெயருக்கு மதிப்பு. தேவானையையும் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"இதனால எனக்கு ஒண்ணும் ஆவாதே பாய்?"

"நான் இருக்கேன்ல. போடும்மா."

போட்டாள்.

6 நவம்பர்

உதவிப் பொறியாளர் வந்தார். சின்ன வயசுப் பெண். ஏழு நிமிஷம் நின்றார், ஆறு போட்டோ எடுத்தார். சுத்தியலால் ஒரு தட்டு? இல்லை. ஏணி? இல்லை. இருந்தாலும் வந்தாரே. மாடியிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார். நான் பார்க்காத மாதிரி ஆணி எடை போட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் பூசித்தானே ஆக வேண்டும்.

18 நவம்பர்

நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். என் ஷட்டர் மேலேயே, பசையோடு.

உரிமையாளர் கல்யாணராமன், வாடகைதாரர்கள் அப்துல் கய்யூம், தேவானை. மூவரும் பதினைந்து நாளுக்குள் காலி செய்ய வேண்டும். காரணம்: 'உட்கம்பிகள் துருவேறி வலுவிழந்து, முன்பக்க உத்தரம் தாங்கும் திறனை இழந்து…'

என் வரிகள்! கமா கூட மாறவில்லை. ஏழு நிமிஷம் நின்றதற்கு அர்த்தம் இப்போது புரிகிறது. மீதி வேலையை நான்தான் செய்து கொடுத்திருக்கிறேனே.

அந்த உதவிப் பொறியாளருக்குப் போன் செய்தேன். மராமத்து பார்க்கச் சொல்லித்தானே மனு கொடுத்தேன் அம்மா, அந்த வார்த்தையே நோட்டீசில் இல்லையே?

"எந்நேரமும் விழும்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க? விழப்போற கட்டிடத்தை யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களா?"

போனை நானே வைத்துவிட்டேன். முப்பது வருஷமாக வாயை வைத்துப் பிழைக்கிறவன் நான்.

19 நவம்பர்

மாமாவின் மகன் கிரீஷ் அடையாறிலிருந்து வந்தான். இத்தனை வருஷத்தில் கடைக்குள் அவன் கால் வைத்ததில்லை. இன்று கையைப் பிடித்துக் குலுக்கினான். "தேங்க்ஸ் அங்கிள். நாலு வருஷமா அப்பாகிட்ட சொல்லிண்டிருக்கேன், இடிச்சுட்டு ஃப்ளாட் போடலாம்னு. நீங்க ஒரே லெட்டர்ல முடிச்சுட்டேள்."

அவன் போன பிறகு மாமி இறங்கி வந்தாள். "கய்யூம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்கோ. பூச்சு வேலைக்கு இவர் கேக்கும்போதெல்லாம் அவன் பணம் தரலை. தானா விழட்டும்னு காத்துண்டிருந்தான். இவர்தான் இந்த ஆத்தை விட்டு நகர மாட்டேன்னு பிடிவாதமா இருந்தார். இப்போ கார்ப்பரேஷனே சொல்லிடுத்து."

நான் மாமாவைக் கஞ்சன் என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறேன்.

20 நவம்பர்

தேவானை ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் சத்தம் மட்டும் நாள் முழுக்க. திட்டித் தொலைத்திருக்கலாம்.

26 நவம்பர்

நோட்டீசை எதிர்த்து நான் கொடுத்த ஆட்சேபணை மேல் மண்டல ஆபீசில் விசாரணை. என் மனுவை நானே பொய் என்று சொல்ல வேண்டிய கேவலம்.

"அப்போ நீங்க எழுதினது பொய்யா?" என்றார் அதிகாரி.

"பொய் இல்லை சார். கொஞ்சம் தூக்கலா எழுதிட்டேன்."

"எவ்வளவு தூக்கல்? கால் கிலோவா, அரைக் கிலோவா?"

அறையே சிரித்தது. கிரீஷும் சிரித்தான். நிபுணரை வைத்துச் சோதித்து அறிக்கை கொண்டு வந்தால் பார்க்கலாம், பத்து நாள் அவகாசம் என்றார். இந்தச் சோதனையை நோட்டீஸ் ஒட்டும் முன்பு நீங்கள் செய்திருக்க வேண்டாமா என்று கேட்டேன். "அடுத்த ஃபைல்" என்றார்.

வக்கீல் ரெஹானைப் பார்த்தேன். "தடை உத்தரவு வாங்கிடலாம் பாய். அஞ்சு வருஷம் இழுக்கலாம், கவலையே படாதீங்க." வக்கீல் கவலைப்படாதே என்றால் அவருக்கு நல்ல காலம் என்று அர்த்தம்.

3 டிசம்பர்

சோதனை ஆட்கள் வந்து துளை போட்டார்கள். என் பக்கம், மாடி, பின்சுவர் எல்லாம் இரும்பு மாதிரி இருக்கிறது. பூசினால் இன்னும் முப்பது வருஷம் நிற்கும். மனசுக்குள் துள்ளினேன்.

அப்புறம் முன்பக்க உத்தரத்தில் துளை போட்டார்கள். காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. பன்னிரண்டு எம்எம் கம்பி அது, நான் தினம் விற்கிற சரக்கு. பென்சில் முனை அளவுதான் பாக்கி இருந்தது. விரலால் தொட்டேன். பொடியாக வந்தது.

அதற்கு நேர் கீழே தேவானையின் தையல் மெஷின்.

கதை என்று நினைத்து எழுதினேனே… அது கதையே இல்லை. உள்ளே எட்டிப் பார்க்காமல் நான் எழுதினேன், உள்ளே எட்டிப் பார்க்காமல் அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு தரப்பும் கண்ணை மூடிக்கொண்டு சரியான இடத்தைத் தொட்டிருக்கிறோம். வெட்கம்.

அறிக்கையில் என்ன எழுதட்டும் என்று சோதனைக்காரர் என்னையே கேட்டார். பணம் கொடுப்பது நான் அல்லவா. "முன்பக்கத்தைப் பத்தி மேலோட்டமா எழுதிடலாம் சார், நிறைய பேர் அப்படித்தான் கேப்பாங்க." உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை நான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

4 டிசம்பர்

வீட்டில் மனைவி நஸ்ருன்னிசாவிடம் சொன்னேன். ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தப் பொண்ணு இப்ப எங்க உக்காந்திருக்கு?"

"கடையிலதான்."

"இங்க நின்னு என்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க?"

ஆட்டோ பிடித்துப் போனேன். மெஷினை என் கடைக்குள் இழுத்துப் போட்டோம், பைப் அடுக்குக்கும் கமோட் வரிசைக்கும் நடுவில். "இதுக்கு நடுவுல உக்காந்து பட்டு பிளவுசு தெக்கணுமா பாய்? கஸ்டமரு இன்னா நெனைப்பாங்க?" என்றாள். பதினாறு நாளைக்குப் பிறகு முதல் பேச்சு.

சோதனைக்காரரிடம் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னேன். தெருப்பக்கம் ஆள் போகாதபடி கயிறு கட்டினேன். அது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. அவர்கள் வந்து கட்டுவதற்குள் கயிறு மக்கிப் போகும்.

12 டிசம்பர்

கிரீஷிடம் பேரம். அப்பாவுக்குப் பதில் இப்போது எல்லாம் அவன்தான்.

அவனுக்குப் பொங்கலுக்குள் இடம் காலியாக வேண்டும், புரமோட்டர் நெருக்குகிறான். எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: உத்தரம் உளுத்தது பற்றி அவனுக்குக் கவலையில்லை, தடை உத்தரவு வந்து வேலை நின்றுவிடுமோ என்பதுதான் கவலை. ரெஹான் தயார் செய்த தடை மனுவை மேஜை மேல் வைத்தேன். தாக்கல் செய்ய எனக்கு மனசில்லை, அந்தக் கம்பியைப் பார்த்த பிறகு ஐந்து வருஷம் அங்கே யாரையும் உட்கார வைக்க முடியாது. அது அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

புதுக் கட்டிடத்தில் தரைத்தளத்தில் எனக்குக் கடை தர ஒப்புக்கொண்டான். தேவானைக்கு?

"அந்தம்மா யாரு அங்கிள்? அக்ரிமென்ட் உண்டா? ரசீது உண்டா?"

இல்லை. பதினோரு வருஷமாக மாமியின் கையில் கொடுத்து வந்தாள். ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. எனக்கு மட்டும் என்றால் இன்றைக்கே கையெழுத்துப் போட்டு முடித்திருக்கலாம். போட்டுவிட்டு அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஷட்டரில் கிழிந்து தொங்கிய நோட்டீசைக் காட்டினேன். "'வாடகைதாரர்கள் அப்துல் கய்யூம், தேவானை'. அரசாங்கமே எழுதி முத்திரை போட்டிருக்கு தம்பி. இல்லைன்னு நீ கோர்ட்ல சொல்லு, கேட்டுக்கறேன்."

குனிந்து முத்திரையைப் படித்தான். அப்புறம் பேனாவை எடுத்தான். இரண்டு கடை, இரண்டு பெயர்.

தேவானையிடம் காகிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "நீங்க காயிதம் நீட்டினாலே பயமா கீது பாய்" என்று சொல்லி மடித்து, ஊசிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

10 ஜனவரி 2025

காலி செய்தாயிற்று. ஆதம்பாக்கத்தில் ஒரே ஷட்டர், நடுவில் பலகை தடுத்து எனக்கும் தேவானைக்கும். மாமாவும் மாமியும் கோபாலபுரத்தில் வாடகை ஃப்ளாட்டுக்குப் போனார்கள். மாமா என்னிடம் பேசவில்லை.

21 ஏப்ரல்

மயிலாப்பூர் வழியாக வந்தேன். பதினைந்து நாளில் காலி செய்யாவிட்டால் ஆபத்து என்றார்களே, கட்டிடம் அப்படியே நிற்கிறது. பிளான் அனுமதி வரவில்லையாம். 'அபாயம்' என்று எழுதிய பலகைக்குக் கீழே நிழல் நன்றாக இருக்கிறது போல, யாரோ தர்பூசணி விற்கிறார்கள். சத்தம் போட்டு விரட்டினேன் அவர்களை. மாநகராட்சிக்குச் சொல்லலாம். மரம் வெட்ட ஆள் அனுப்புவார்கள்.

9 ஜூன்

மதியம் போன். கல்யாணராமன் மாமா. ஐந்து மாதத்துக்குப் பிறகு.

"பாய், சௌக்கியமா? ஒண்ணுமில்லை… இங்க பாத்ரூம்ல மேல் வீட்டுலேருந்து ஒழுகறது. ஓனர் அமெரிக்காவுல இருக்கார், போனே எடுக்க மாட்டேங்கறார். மாமி வழுக்கி விழுந்துட்டா. கையில வீக்கம்தான், பயமில்லை. கார்ப்பரேஷனுக்கு எப்படி எழுதணும்னு உங்களைக் கேட்டா தெரியும்னு…"

சொல்வதற்கு எத்தனையோ இருந்தது. நாக்கு நுனியில் நாலைந்து வந்து வரிசையில் நின்றன. பலகைக்கு அந்தப் பக்கம் தேவானை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுத வேண்டாம் மாமா. மாமியை அந்தப் பக்கம் போக விடாதீங்க. சாயங்காலம் நானே வரேன், ஏணியோட."

ஒரு டின் வாட்டர்புரூஃப், இரண்டு பிரஷ், ஒரு ஸ்கிரேப்பர் எடுத்து வைத்தேன். மேல் வீட்டுக்காரன் கதவைத் திறப்பானா தெரியவில்லை.