பன்னிரண்டாவது நாற்காலி

ஜார்க்கண்ட்,
பெரிய சனி

அன்புள்ள அப்பச்சனுக்கு எல்சம்மாவின் தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறார்களா? நான் நலம்.

பெரிய வியாழனன்று கோயிலில் சின்னச் சச்சரவு. கவலைப்பட ஒன்றுமில்லை. பாதம் கழுவும் சடங்குக்கு ஃபாதர் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் எங்கள் தொழுநோய் மருத்துவமனையில் குணமான பிர்சு டோப்போவும் ஒருவர். கோயிலையும் மருத்துவமனையையும் நடத்தும் கமிட்டியின் தலைவர் அல்பினுஸ் எக்கா அவரை வாசலிலேயே மறித்தார்.

"காலைக் கழுவிட்டு வரச் சொன்னேன்ல, பிர்சு? இதைப் பார்த்தா ஜனங்க முகம் சுளிக்கும்ப்பா."

"ரெண்டு தடவ கழுவினேங்கய்யா. விரல் மட்டும் முளைக்கல."

அல்பினுஸ் செருப்பைக் கழற்றிவிட்டு பிர்சுவுக்குப் போட்டிருந்த பன்னிரண்டாவது நாற்காலியில் தானே உட்கார்ந்தார். ஃபாதர் எல்லாவற்றையும் பார்த்தார். பார்த்துவிட்டு அல்பினுஸின் காலைக் கழுவி முத்தமிட்டார்.

நான் எழுந்து, "ஃபாதர், கழுவ வேண்டிய கால் வெளியில நிக்குது" என்றேன். பாட்டு நின்றுவிட்டது. பூசையைக் குலைத்தேனாம், கமிட்டியிடம் மன்னிப்புக் கேட்காவிட்டால் வேலை போகுமாம். தினமும் நாற்பது பேரின் புண்ணைக் கழுவுகிற எனக்கு இவர்கள் பக்தி சொல்லித்தருகிறார்கள்.

குடம்புளி கொஞ்சம் அனுப்புங்கள். பழைய மலையாளப் பத்திரிகைகளில் சுற்றி அனுப்பினால் சத்தமாக வாசித்துக்கொள்வேன்.

தபால்காரர் வந்துவிட்டார். நோய் போனாலும் ஆறாத கால்புண்ணுக்குக் கட்டு மாற்ற பிர்சு வியாழனிலிருந்து வரவில்லை. மருந்தோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். மன்னிப்பை அவரிடம்தான் கேட்க வேண்டும். "தைரியமா வாங்கண்ணே, அது நம்ம கோயில்" என்று கூட்டிப்போனவள் நான்.

மகள்
எல்சம்மா