நானும் போட்ட கையெழுத்து

அண்ணனுக்கு,

நான்கு வருஷமாகப் பேசாதவன் எழுதுகிறேன். கிழித்துவிடாதீர்கள்.

உங்கள் மகன் உன்ஹோவுக்கு மூச்சு இயந்திரம் வேண்டாமென்று நீங்கள் எழுதிக் கொடுத்ததற்காக, துக்கச் சாப்பாட்டில் சூப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். "கையெழுத்துப் போட்டே பிள்ளையக் கொன்னுட்டியே, நீயெல்லாம் ஒரு அப்பனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். பிள்ளை பெறுமுன் ரத்தம் சோதித்துக்கொள்ளச் சொல்லி அண்ணி எழுதியபோதும் பதில் போடவில்லை.

என் மகள் தாவோனுக்கு ஏழு மாதம். உன்ஹோவுக்கு வந்த அதே தசை நோய். தெரிந்தபோது மருந்துக்குக் காலம் கடந்திருந்தது. தொண்டையில் துளையிட்டு இயந்திரம் வைத்தால் சில வருஷம் இருப்பாளாம். கண் மட்டும் அசையுமாம். திங்கட்கிழமை குழாய் விட்டுச் சளி எடுத்தபோது சத்தமே வராமல் அழுதாள். "போதுங்க, இவள விட்டுடலாம்" என்றாள் என் மனைவி. இயந்திரம் வேண்டாம் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

இன்று மோக்போவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். ஒரு வாரம் தாங்கலாம் என்கிறார்கள்.

தூக்கினால் தலை சாய்ந்து மூச்சுத் திணறுகிறது. எப்படித் தாங்கிப் பிடிப்பதென்று உங்களுக்குத் தெரியும். வந்து சொல்லிக் கொடுங்கள், அண்ணா.

உங்கள் தம்பி