நாக்குக்கு அடியில்

இராஜபாளையம்
3-3-2025

அன்புத் தம்பி தவசிமுத்துவுக்கு,

அக்கா எழுதுவது. செல்போனுக்குள் வேறு யாரோ பேசுகிறார்கள் என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டாய். உன்னால் தபாலாபீசுக்கு நடக்கிறேன்.

மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் போய்விட்டதாம். மனநோய் மாத்திரை ஒன்று இதற்கும் கேட்குமா என்று ஆராய்ச்சி நடக்கிறதாம். பேரைப் பார்த்தால் நீ ஆறு வருஷமாகத் தின்கிற அதே மாத்திரை. என் டாக்டரோ, "இன்னும் எலியிலதாம்மா பாத்திருக்காங்க. நீங்களா எதுவும் திங்காதீங்க" என்கிறார். எலி பிழைக்கலாம், நான் பிழைக்கக் கூடாதா? சீட்டு இல்லாமல் கடையில் தரமாட்டார்கள். உனக்கு ஆஸ்பத்திரியில் மாதம் முப்பது தருகிறார்களே, பாதி அனுப்பு. சாகப் பயமாக இருக்கிறது தம்பி.

மாரிச்செல்வி

ஸ்ரீவில்லிபுத்தூர்
10-3-2025

அன்புள்ள அக்கா,

முப்பதும் இதில் இருக்கிறது. பாதி எதற்கு? அம்மா போனபின் எனக்குச் சோறும் மாத்திரையும் ஊட்டியவள் நீ. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறேன், ஒரு வண்டி மாறியதில்லை.

தவசி

ஸ்ரீவில்லிபுத்தூர்
2-5-2025

அக்கா,

இரண்டு மாதத்து மாத்திரையும் உனக்கே அனுப்பிவிட்டேன். இப்போது தூக்கம் இல்லை. ஸ்டாண்டில் நிற்கிற வண்டிகள் என்னைப் பற்றிப் பேசுகின்றன. நேற்று ஸ்டாண்ட் முதலாளி சேக் முகைதீன் பாய் வண்டியைக் கல்லால் அடித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஏலே தவசி, மாத்திரை திங்கியா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். உன் பேரை நான் சொல்லவில்லை. ஐந்து மாத்திரை திருப்பி அனுப்பு.

தவசி

இராஜபாளையம்
28-5-2025

தம்பிக்கு,

ஸ்கேனில் கட்டி வளரவில்லை. டாக்டர் தன்னுடைய ஊசியால்தான் என்கிறார். எனக்குத் தெரியாதா?

ஐந்து மாத்திரை வேண்டும் என்று என் வாசலுக்கே வந்து கத்தினாய், தெருவே கூடிவிட்டது. அதனால்தான் உன்னை மனநலக் காப்பகத்தில் சேர்த்துக் கையெழுத்துப் போட்டேன். கோபப்படாதே. அங்கே தினமும் கையிலேயே மாத்திரை தருவார்களாம். விழுங்காதே. நாக்குக்கு அடியில் வைத்திரு, நர்ஸ் போனதும் எடுத்துக் காயவை. உனக்கு வந்திருப்பது உயிர் போகிற நோய் இல்லை.

மாரிச்செல்வி

காப்பகம்
20-6-2025

அன்புள்ள அக்கா,

இதில் பதினேழு மாத்திரை இருக்கிறது. எச்சில் பட்டதைத் துண்டில் துடைத்துவிட்டேன். நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிக்கிறார். கன்னத்தில் ஒதுக்கப் பழகிவிட்டேன். சமையல் செய்யும் ஹெப்சிபா அம்மா கடிதத்தைத் தபாலில் போடுகிறார், பிரித்துப் பார்ப்பதில்லை. எழுதும்போது யாரோ குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

எப்போது வீட்டுக்கு விடுவீர்கள் என்று இங்கே ஆபீசில் கேட்டேன். "கொணமான பொறவு உங்க அக்கா வந்து கையெழுத்துப் போடணும். வேற ஆள் போட ஏலாது" என்றார்கள்.

மாத்திரை தின்னாமல் எனக்குக் குணமாகாது, தெரியும். நீ ஒருநாளும் விடாமல் தின். கையெழுத்துப் போட நீ இருக்க வேண்டும் அக்கா.

உன் தம்பி
தவசிமுத்து