வண்டி ஆறும் வரை

இன்று காலை மஞ்சள் வேகும் வாசனை வந்தது. அடுப்படியிலிருந்து அல்ல, தெருவிலிருந்து. எட்டிப் பார்த்தேன். பிரிக்பீல்ட்ஸில் அண்ணன் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு வாடகைக் கார் ஆவி கக்கிக்கொண்டு நின்றது.

"அக்கா, கொஞ்சம் மஞ்சத்தூள் இருக்குமா? ரேடியேட்டர்ல போட்டது பத்தல, இன்னும் ஒழுகுது" என்றார் ஓட்டுநர். பிறகுதான் என் வெறும் நெற்றியைப் பார்த்தார். "இல்லக்கா, பரவால்ல. பக்கத்து வீட்டுல கேட்டுக்கிறேன்."

"இருங்க, தரேன்" என்று உள்ளே வந்தேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்ததும் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

நம் கல்யாணத்தன்று கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு உங்கள் வாடகைக் காரையே மாலையும் கழுத்துமாக நீங்கள் ஓட்டிவந்தீர்கள். வழியில் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும் அது கொதித்தது. ரேடியேட்டரில் எங்கோ சின்ன ஓட்டை. நீங்கள் என் அத்தையிடம் சீர்ப் பெட்டியிலிருந்த மஞ்சள் தூளைக் கேட்டீர்கள்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை! பொண்ணு குளிக்க வச்ச மஞ்சளை எடுத்துக் காரைக் குளிப்பாட்டப் போறீங்களா?"

"அது குளிச்சாத்தான் அத்தை நீங்க ஊர் போய்ச் சேரலாம். இல்லன்னா இறங்கித் தள்ளணும்லா."

குனிந்த தலை நிமிராமல் இருக்க வேண்டிய நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அன்று முதன்முதலாக என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆரத்தி காயும் முன்பே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த மஞ்சள் தண்ணீரைத் திறந்துவிட்டீர்கள். "ஓட்டையை அடைக்கிறது சரி. அப்படியே விட்டுட்டா தண்ணி போற குழாயையும் அடைச்சிடும்" என்று, தெளிந்த நீர் வரும்வரை கழுவினீர்கள்.

அதன்பின் எத்தனை முறை அந்த வழியில் நின்றிருப்போம்! கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். புறங்கையை அருகில் கொண்டுபோய், தொடாமலே சூடு பார்ப்பீர்கள். "ஆறட்டும்" என்பீர்கள். எனக்காக இருக்கைக்கு அடியில் ஒரு கதைப் புத்தகம் வைத்திருந்தீர்கள். "வண்டி ஆறுற வரைக்கும் படி." ரப்பர் மர நிழலில் நான் உங்களுக்கு உரக்கப் படிப்பேன், வண்டி ஆறியபின்னும் எழ மாட்டீர்கள். இத்தனை புத்தகங்கள் படித்திருக்கிறேன், அப்படிக் கேட்க ஒருவர் மறுபடி எனக்கு வாய்க்கவில்லை.

உங்களுக்குக் காய்ச்சல் கண்டபோது உங்கள் கார் பட்டறையில் கிடந்தது. கிள்ளான் டாக்டர், உடனே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். உங்கள் கூட்டாளி சாமிக்கண்ணு அண்ணன் தன் காரைக் கொண்டுவந்தார். என் மடியில் உங்கள் தலை. புறங்கையை வைக்காமலே அனல் தெரிந்தது. அதே பத்து தீகாவில் கார் கொதித்து நின்றது.

கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்: "சாமி, அன்னிக்குப் போட்ட மஞ்சளைக் கழுவலையா?"

"நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்டா" என்று அவர் அழுதார். துண்டைச் சுற்றிக்கொண்டு மூடியைத் திருகப் போனார். நானும்தான் கத்தினேன்: "திறங்கண்ணே, சீக்கிரம் தண்ணி ஊத்துங்க!"

நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ! "சாமி, தொடாதே. மூஞ்சி வெந்துடும். ஆறட்டும்." பிறகு என்னிடம், "நீ கதையைச் சொல்லு. பாதியில நிக்குதில்ல?"

புத்தகம் கையில் இல்லை. நான் முன்பே படித்து முடித்த கதைதான், நினைவிலிருந்து சொன்னேன். ஆவி அடங்குகிறதா என்று ஒரு கண், உங்கள் மூச்சு வருகிறதா என்று ஒரு கண். எதைச் சொன்னேன், எதை விட்டேன், தெரியாது. கதை முடியும் முன்பே வண்டி ஆறியது. சாமிக்கண்ணு அண்ணன் அடைத்திருந்த மஞ்சளைத் திறந்துவிட்டு, ஓடைத் தண்ணீரால் கழுவி நிரப்பினார். "மீதியை ஆஸ்பத்திரியில கேட்டுக்கிறேன்" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் கண் திறக்கவில்லை.

முன்னமே வந்திருந்தாலும் கடினம்தான் என்று டாக்டர் சொன்னார். அதை நம்பும் நாட்களும் உண்டு, நம்பாத நாட்களும் உண்டு. சாமிக்கண்ணு அண்ணன் தெருவில் என்னைக் கண்டால் முகத்தை மூடிக்கொள்கிறார். ஒரு வடுவும் இல்லாத முகம். நீங்கள் காப்பாற்றிக் கொடுத்த முகம்.

இன்று மஞ்சள் தூளோடு நான் வாசலுக்கு வந்தபோது அந்த ஓட்டுநர் மூடியில் கை வைக்கப் போனார். "தொடாதீங்க! ஆறட்டும்" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. இத்தனை மாதங்களில் நான் உரக்கப் பேசியது இதுதான். வீட்டுக்குப் போனதும் மஞ்சளைக் கழுவிவிடச் சொன்னேன். "இன்னிக்கேவா அக்கா?" என்றார். "இன்னிக்கே" என்றேன்.

அவர் போனபின், பட்டறையிலிருந்து திரும்பி வந்த உங்கள் சாமான்களிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். நாம் நிறுத்திய பக்கத்தில் காய்ந்த ரப்பர் இலை நீட்டிக்கொண்டிருக்கிறது. திறக்கவில்லை. அட்டையின் அருகே புறங்கையைக் கொண்டுபோனேன்.

இன்னும் ஆறவில்லை.