விழாத உலக்கை

மார்ச் 3, செவ்வாய், இரவு

நிலா இன்று கடிபட்டே உதித்தது. ஜன்னல் இடுக்கில் பார்த்துவிட்டேன். ஏழு மாத வயிறு, பார்க்கக் கூடாதாம்.

அத்தை வாசலில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தியிருந்தார். கிரகணம் பிடித்திருக்கும்வரை அது தானாக நிற்குமாம், விட்டதும் விழுந்துவிடுமாம்.

"சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல பூமி வருது. அதோட நெழல்தானுங்க அத்தை. உலக்கைக்கு அடி தட்டை, என்னைக்கும் நிக்கும்" என்றேன்.

கிரகணம் விட்டது. உலக்கை விழவில்லை.

"விட்டா உழுந்திரோணுமே சாமி, இது ஏன் நிக்குது?" என்று என் வயிற்றைப் பார்த்தார். சிரித்தேன். நான் சொன்னபடிதானே நிற்கிறது? ஆனால் எடுத்துவைக்க அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

எல்லோரும் படுத்தாயிற்று. வாசலில் அது நின்றுகொண்டிருக்கிறது. தினமும் நான் படுத்ததும் குழந்தை உதைக்கும். இன்று இன்னும் உதைக்கவில்லை.