வெள்ளைப் பூ உத்தரவு

ஏப்ரல் 12, திங்கள்

காலையில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். கரடி மறுபடியும் மாரியம்மன் கோயில் கதவை உடைத்துவிட்டது. விளக்கில் இருந்த எண்ணெய் முழுக்க நக்கிவிட்டுப் போயிருக்கிறது. வீட்டுக்காரர் கோயில் கமிட்டிப் பிரசிடெண்ட். ஆகவே கரடி வந்தாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

எங்கள் கடைக்கு வேண்டியது: து. பருப்பு, சோப்பு, தாழ்ப்பாள் (கோயிலுக்கு), மாஸ்க் ஒரு பெட்டி. எங்கள் ஊர் அரவேணுவில் இப்போது அரிசியைவிட மாஸ்க்தான் வேகமாகப் போகிறது. வாங்கித் தாடையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மத்தியானம் டிவியில் பெரியவர். நாட்டை ஆள்கிறவரை எங்கள் வீட்டில் பெயர் சொல்வதில்லை, பெரியவர்தான். ஏதோ கோயிலில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். அதையே வெகுநேரம் காட்டினார்கள். கண் மூடினவருக்கு எந்தக் கேமரா எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்காரர் சோற்றுக் கையோடு டிவியைக் கும்பிட்டார்.

"பாரு அம்மிணி, சாமி கும்பிடற மூஞ்சியப் பாரு. இந்த மாதிரி ஆளு பொய் சொல்லுவாரா?"

நான் ரசம் ஊற்றினேன். பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் பெரியவர் படம். வைத்தது இவர். துடைப்பது நான்.

ஏப்ரல் 14, புதன்

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி, கொஞ்சம் கசப்பு தூக்கல்.

கடை வாசலில் கமிட்டிக் கூட்டம். கூட்டம் கூடாது என்று அரசாங்க உத்தரவு, அதைப் பற்றிப் பேசத்தான் இத்தனை பேர் கூட்டம். திருவிழாவுக்குக் கோயிலுக்குள் பூசை மட்டும் போதும், சப்பர ஊர்வலம் வேண்டாம் என்று பாதிப் பேர். சப்பரம் என்றால் அம்மன் எஸ்டேட் லைன் வீடுகள் ஒவ்வொன்றின் வாசலுக்கும் போவாள், தட்டு நீட்டுவார்கள், முட்டி மோதுவார்கள். இவர் கேட்கவில்லை. பெரியவரே அத்தனை கூட்டத்தில் நிற்கிறாராம், மாஸ்க்கூட இல்லாமல். சாமி இருக்கிறவனுக்கு நோய் இல்லையாம்.

கடைசியில் பூசாரி சொன்னார்: "சண்டை எதுக்குங்க? ஆத்தாளயே கேட்டுருவோம்."

பூப் போட்டுக் கேட்டார்கள். வாழையிலையில் இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி, வெளியே பார்த்தால் ஒரே மாதிரி. கட்டிக்கொண்டு வந்தவர் பிரசிடெண்ட். அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டி, ஒரு சின்னப் பிள்ளையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வெள்ளை வந்தால் நடத்து, சிவப்பு வந்தால் நிறுத்து. எங்கள் ஊரில் பெண் கொடுப்பதும் கிணறு வெட்டுவதும் இதைக் கேட்டுத்தான்.

வெள்ளை.

குலவை போட்டார்கள். என் சிநேகிதி சரசு அழுதேவிட்டாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது. எழுதி வைக்கிறேன், சிலிர்த்தது.

ஏப்ரல் 16, வெள்ளி

கோயில் கழுவும் முறை எனக்கும் சரசுவுக்கும். சரசு எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். அவள் அப்பா அம்மா சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள். என்னைவிடச் சின்னவள், எனக்கென்று இந்த ஊரில் இருக்கிற ஒரே ஆள். வீசிங் தொந்தரவு. வாளி தூக்கினாலே நெஞ்சில் பூனை கத்துகிற மாதிரி சத்தம் வரும். அவளைக் குழாயடிக்கு அனுப்பிவிட்டுக் கருவறைப் படியைக் கூட்டினேன்.

குத்துவிளக்குக்குப் பின்னால் அந்த இன்னொரு பொட்டலம். பிள்ளை எடுக்காமல் விட்டது. சாமிப் பூ காலில் படக் கூடாது, மரத்தடியில் போட்டுவிடலாம் என்று நாரை அவிழ்த்தேன்.

வாடிப்போன வெள்ளை அரளி.

சிவப்பு ஓர் இதழ்கூட இல்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பைத்தியக்காரி மாதிரி.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "ஏனுங்க, ரெண்டுலயும் வெள்ளையத்தான் வெச்சீங்களா?"

பேப்பரை மடித்தார். முகத்தில் ஒரு சின்னக் கோணல்கூட இல்லை. "ஆத்தா வேண்டாம்னு சொல்லுவாளா? எப்படியும் அவ சொல்லப்போறதத்தான் நான் வெச்சேன். இதுல தப்பு என்ன?"

"அப்பறம் எதுக்குங்க கேக்கற மாதிரி ஒரு கூத்து?"

"சனங்களுக்குத் தைரியம் வேணுமல்ல? பெரியவரு என்ன பண்றாருன்னு நினைக்கற? தைரியம் குடுக்கறாரு."

பால் பொங்கிவிட்டது. அடுப்பு துடைத்தேன்.

ஏப்ரல் 17, சனி

சரசுவிடம் சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை சப்பரத்துக்கு முன்னால் மாவிளக்கு எடுப்பது அவள்தான், அதற்காக விரதம் வேறு. நீ வராதே, உன் நெஞ்சுக்கு ஆகாது என்றேன். அம்மனே உத்தரவு கொடுத்த பிறகு என்ன என்றாள். அப்போதுதான் சொன்னேன், அது அம்மன் உத்தரவு இல்லை, என் வீட்டுக்காரர் உத்தரவு, இரண்டிலும் வெள்ளை, என் கையாலேயே அவிழ்த்துப் பார்த்தேன் என்று.

என் வாயைப் பொத்தினாள். கையெல்லாம் தேயிலைக் கறை வாசம்.

"அக்கா, வாயக் கழுவுங்க. அய்யா மலைக்கு மாலை போடுறவரு. நெத்தி நெறையத் திருநீறு. அவரு போய் ஆத்தா முன்னால அப்புடிச் செய்வாரா? செவப்புப் பூ காஞ்சா வெளுத்துப் போகும் அக்கா."

செவ்வரளி காய்ந்தால் கறுக்கும். வெளுக்காது. அவளுக்கும் தெரியும்.

மாவிளக்குக்குப் பச்சரிசி, வெல்லம், ஏலக்காய் கேட்டாள். கொடுத்தேன்.

ஏப்ரல் 20, செவ்வாய்

சாயங்காலம் கோடை மழை, சப்பரம் கிளம்பும்போது விட்டுவிட்டது. அதுவும் ஆத்தாள் மகிமை என்றார்கள்.

கொட்டு இல்லை. சத்தம் கேட்டால் ஜீப் வருமாம். சாமிக்குத் தெரிய வேண்டும், போலீசுக்குத் தெரியக் கூடாது. மாஸ்க் போட்டவர்கள்: நான், பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. "பிரசிடெண்ட் ஊட்டம்மாவுக்கே நம்பிக்கை இல்லீங்களா?" என்று ஒரு கிழவர். சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

சரசு மஞ்சள் சேலை. தலையில் மாவிளக்கு. மேட்டில் ஏறும்போது இரண்டு தடவை நின்றாள். ஆனால் முகம் என்ன பிரகாசம். அந்த முகத்தைப் பார்த்த நிமிஷம் நானும் நம்பிவிட்டேன் போல.

ஏப்ரல் 29, வியாழன்

கீழ் லைனில் வீட்டுக்கு வீடு காய்ச்சல். வாசனை தெரியவில்லை என்கிறார்கள். பூசாரி படுத்துவிட்டார். மாத்திரை ஸ்டாக் இல்லை, குன்னூரிலும் இல்லையாம். சுக்கு, மிளகு தீர்ந்துவிட்டது. கடையில் வேலைக்கு அரை நாள்தான் ஆள் வருகிறது.

டிவியில் பெரியவர் பேசினார். நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேன். செத்துப்போனவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று பார்த்தேன். பொறுமை வந்தது, நம்பிக்கை வந்தது, முன்னோர்கள் வந்தார்கள். செத்தவர்கள் வரவில்லை. கடைசியில் கை கூப்பினார். கை கூப்பிவிட்டால் அப்புறம் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. நல்ல ஏற்பாடு.

சரசு வேலைக்குப் போகவில்லை. கஞ்சி வைத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். "வீசிங்தான் அக்கா. எப்பவும் வர்றதுதான்."

மே 4, செவ்வாய்

சரசு போய்விட்டாள்.

ராத்திரி மூச்சுத் திணறி, விடிந்துதான் ஆம்புலன்ஸ் கிடைத்திருக்கிறது. கோட்டகிரியில் இடமில்லை, குன்னூரில் இடமில்லை, கீழே கோயமுத்தூர் கொண்டு போ என்றார்களாம். பர்லியார் தாண்டவில்லை. மலை இறங்கும் முன்பே.

அவள் மகள் போனில் சொன்னாள். வண்டியில் சரசு கடைசியாகப் பேசினது: "ஆத்தா மேல குத்தம் சொல்லாத."

ஆத்தாள் மேல் எனக்கும் குற்றமில்லை. அன்றைக்கு ஆத்தாளை யார் கேட்டார்கள்?

முகத்தைக் காட்டவில்லை. பையில் சுற்றி அப்படியே கொண்டு போய்விட்டார்கள். இவரிடம் சொன்னேன். "விதி" என்றார். அப்புறம், "அது வீசிங் கேசு. கோயில் மேல யாரும் பழி போட்டுரக் கூடாது, பாத்துக்க."

எனக்கு அழுகை வரவில்லை. தட்டைத் தூக்கி எறிந்தேன். எவர்சில்வர், உடையவில்லை.

மே 10, திங்கள்

இவருக்கும் காய்ச்சல். மூன்று நாளாக மறைத்திருக்கிறார். இன்று பேசினாலே இரைக்கிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து இவர் அண்ணன் போன். ஸ்பீக்கரில் போட்டேன். பக்தியில் தம்பிக்கு அண்ணன். ஆனால் நிஜமாகவே பக்தி.

"ஆஸ்பத்திரிக்குப் போனவுங்க பாதிப் பேரு திரும்பறதில்லைங்கறாங்க. எதுக்கும் பூப் போட்டுக் கேட்டுரலாமுங்க. இங்க நம்ம கொலசாமி கோயில்லயே நான் கேட்டுச் சொல்றேன். வெள்ளை வந்தா கார் எடுத்துட்டு வர்றேன். செவப்பு வந்தா ஊட்லயே வெச்சுப் பாப்போம்."

இவர் படுக்கையிலிருந்து எழுந்துவிட்டார். கண்ணில் அப்படி ஒரு பயம், கல்யாணம் ஆனதிலிருந்து நான் பார்த்ததில்லை.

"பூவெல்லாம் வேண்டாமுங்கண்ணா! செவப்பு கிவப்பு வந்துட்டா? நீங்க காரை எடுங்க, மொதல்ல காரை எடுங்க!"

அண்ணனுக்குப் புரியவில்லை. "ஏன்டா, ஆத்தாள நம்பாமயா?"

எனக்குப் புரிந்தது. ஊருக்கெல்லாம் ரெண்டு வெள்ளை. தனக்கு மட்டும் பூவே வேண்டாம். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். சரசுவுக்கு இந்தப் பயம் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். அவளிடம் நம்பிக்கை இருந்தது, பாவி.

கார் வந்தது. பை எடுத்து வைத்தேன்: வேட்டி 3, சார்ஜர், ஸ்வெட்டர், திருநீறு. திருநீற்றை மறக்காமல் கேட்டார்.

மே 27, வியாழன்

பிழைத்து வந்துவிட்டார். இளைப்பு. தனியார் ஆஸ்பத்திரி, தனி ரூம். நான் வேண்டிக்கொண்டேன், பொய் சொல்லவில்லை. தாலி கட்டினவர். ஆனால் கார் வாசலில் நின்றபோது மனதில் வந்தது அவள் மஞ்சள் சேலை.

கமிட்டியார் வாசலில் நின்று ஆரத்தி. "ஆத்தா கைவிடலீங்க பிரசிடெண்ட்." இவர் மேலே பார்த்துக் கும்பிட்டார். "ஆத்தாளும் பெரியவரும்தான் காப்பாத்துனாங்க." டாக்டர் பேச்சே இல்லை. காரோட்டி வந்த அண்ணன் பேச்சும் இல்லை.

சரசுவின் மகள் எதிரே போனாள், கொழுந்துப் பையோடு. அவள் அம்மா வேலை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இவர் அவளைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருக்கவில்லை, நிஜமாகவே பார்க்கவில்லை.

ஜூலை 15, வியாழன்

காற்றும் மழையும். கரண்ட் போய்ப் போய் வருகிறது. சட்டை காய மாட்டேன் என்கிறது. கோயில் திறந்துவிட்டார்கள்.

பெரியவரின் பெரிய படம் ஒன்று கண்ணாடி போட்டு வந்திருக்கிறது. ஆபத்தில் நாட்டைக் காத்தவர் என்று கீழே எழுத்து. கோயில் மண்டபத்தில் மாட்டவேண்டுமாம். இரண்டு பேர் முனகினார்களாம், சாமி இருக்கிற இடத்தில் மனுசன் படம் எதற்கு என்று. ஆகவே நாளைக்குப் பூ.

"அம்மிணி, நீயே கட்டிரு. எனக்கு இன்னும் கை நடுங்குது." கொஞ்சம் நின்று, தாழ்ந்த குரலில்: "உனக்குத்தான் தெரியுமே."

தெரியும்.

செவ்வரளி பறித்து வந்தேன். இரண்டு இலையிலும் சிவப்பு வைத்தேன். கட்டியும் விட்டேன். கைக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. அப்புறம் ஒன்றை அவிழ்த்தேன். சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளை வைத்தேன். இவரும் நானும் ஒன்றாகிவிடக் கூடாது. ஆத்தாளை ஒரு தடவையாவது பேசவிட வேண்டும். சரசு அவளைத்தானே நம்பிப் போனாள்.

ஆத்தா, நாளைக்கு உன் வாய்தான். யார் கையும் இல்லை.

ஜூலை 16, வெள்ளி

மழை. கற்பூரம் இரண்டு தடவை அணைந்தது. பிள்ளை எந்தப் பக்கம் கை நீட்டுகிறது என்று பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெள்ளை.

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், சமத்தாகச் சொன்னதைச் செய்தாய் என்கிற மாதிரி. மற்றப் பொட்டலத்தை அங்கேயே அவிழ்த்துப் பார்த்தேன். சிவப்புதான். சரியாகத்தான் வைத்திருக்கிறேன். அதைத் தூக்கிக் காட்டி என்ன சொல்வது? இந்தத் தடவை யாரும் ஏமாற்றவில்லை என்றா?

இன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆத்தாளைக் கேட்டோம். சொல்லிவிட்டாள்.

படம் மாட்ட ஆணி வேண்டும் என்றார்கள். நம் கடையிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.